தடிமனுக்குக் கொத்தமல்லி, டெங்குவுக்கு ஆஸ்பத்திரி: புதிதாகக் கைமருந்து பழகுபவர்களுக்கு

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. அதற்குள் கொத்தமல்லி, வேர்க்கொம்பு (சுக்கு), மிளகு, நற்சீரகம், ஓமம், ஒரு துண்டு மரமஞ்சள், நாலைந்து கடுக்காய். டின்னோடு சேர்த்து ரப்பர் பாண்டால் ஒரு காய்ச்சல்மானியும் கட்டியிருக்கும். கட்டி வைத்தது என் மனைவி. "முதல் இதை வைச்சுப் பாருங்கோ, பிறகு டின்னைத் திறவுங்கோ" என்பது அவள் போட்ட சட்டம்.

நான் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் அப்பப்பா தம்பலகாமத்தில் பரியாரியாராக, அதாவது நாட்டு வைத்தியராக, இருந்தவர். சின்ன வயதில் அவருக்கு இலை பிடுங்கிக் கொடுத்தேன், பெரிய வயதில் குளிசை எண்ணிக் கொடுத்தேன். அதனால் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளும், இங்கே திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்க வந்து அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களும், புதிதாகக் கலியாணம் முடித்தவர்களும் "அங்கிள், நல்ல கைமருந்து ஒன்று சொல்லுங்கோ" என்று கேட்டு வருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாரும் மருந்திலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வருத்தம்.

முதலில் வருத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

தொற்று என்றால் ஒரு கிருமி உள்ளே வந்திருக்கிறது. அது வைரஸா, பக்டீரியாவா, பங்கஸா, பூச்சியா என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம் எல்லாம். சாதாரண தடிமன் வைரஸால் வருவது. கொத்தமல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரு கிழமை, பத்து நாளில் தானாகப் போய்விடும். அந்த நாட்களைச் சுகமாகக் கடக்க உதவுவதுதான் கைமருந்தின் வேலை, அதை அது நன்றாகவே செய்யும். ஆனால் நெருப்புக் காய்ச்சல் (தைபோயிட்) தானாகப் போகாது. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். டெங்கு போகிற மாதிரிக் காட்டிவிட்டுத் திரும்பிக் கடிக்கும்.

ஆகவே காய்ச்சல்மானியை வையுங்கள். மூக்கு ஒழுகுகிறது, தும்மல், தொண்டை கரகரப்பு, காய்ச்சல் இல்லை அல்லது நூறு பாகை பரனைற்றைத் தாண்டவில்லை: சரி, டின்னைத் திறக்கலாம். மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை, ஆனால் திடீரென்று 102 பாகை காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி: டின்னை மூடுங்கள்.

இந்த ஊரில் மாரி பெய்து ஓய்கிற நேரம் வருகிற காய்ச்சல் எதுவானாலும், வேறென்று தெரியும்வரை டெங்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2017 இல் கிண்ணியா பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அதன் முதல் அடிகளில் ஒன்று நம் மாவட்டத்தில்தான் விழுந்தது. அப்போது பப்பாசி இலைச் சாறு வாளிக் கணக்கில் அரைத்தார்கள், நிலவேம்புக் குடிநீர் வீடு வீடாகப் போனது. பப்பாசி இலை இரத்தத் தட்டுகளைக் கொஞ்சம் கூட்டுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் டெங்குவில் ஆளைக் கொல்வது தட்டுக் குறைவு மட்டும் அல்ல. இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து இரத்த அழுத்தம் விழுவதுதான் பெரிய ஆபத்து. அதைப் பப்பாசி இலை நிறுத்தாது. ஆஸ்பத்திரியில் மணிக்கணக்குப் பார்த்து ஏற்றும் சேலைன்தான் காப்பாற்றும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்கிற அளவுக் கணக்கு அது.

காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பனடோல் மட்டும்: வளர்ந்தவர்களுக்கு இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் இல்லை. அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனக் கூடவே கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். சிவப்பு, கபில நிறப் பானங்களையும் விலக்கச் சொல்வார்கள், சத்தி எடுக்கும்போது இரத்தமா சாயமா என்று தெரியாமல் போய்விடும். கடும் நிறக் கொத்தமல்லிக் குடிநீரும் அந்தக் கணக்கில் வரும். இளநீர், கஞ்சித் தண்ணீர், ஜீவனி (பக்கெட்டில் வரும் உப்பு சீனிக் கரைசல்) போதும்.

பலர் பிழைவிடுவது காய்ச்சல் விடும் நாளில். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும், "குடிநீர் வேலை செய்திட்டுது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கசிவு தொடங்குவது அப்போதுதான். தீராத வயிற்றுவலி, தொடர்ந்து சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல், சலம் (சிறுநீர்) குறைதல், அரைமயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

மூலிகையே மருந்தாகாது என்று சொல்ல வரவில்லை. சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் இருமலுக்கு அவிக்கும் ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற சத்தைப் பார்த்துத்தான் பாமசியில் விற்கும் புரோம்ஹெக்சின் உருவானது. இலையில் சத்து இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பது மழைக்கும் மண்ணுக்கும் பறித்த மாதத்துக்கும் மாறும். தடிமனுக்கு அது பரவாயில்லை. உயிர் போகிற வருத்தத்துக்கு அந்த ஊகம் சரிவராது.

சரக்கு வாங்குவதும் இலை பிடுங்குவதும்

காய்ந்த சரக்கைச் சந்தைப் பக்கத்து மருந்துச் சரக்குக் கடையில் வாங்கலாம். பொடியாக வாங்காதீர்கள், முழுதாக வாங்குங்கள். 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை எங்கோ போனபோது மஞ்சள் பொடி என்ற பெயரில் என்னென்னவோ விற்றார்கள். கிழங்காக வாங்கி இடித்தால் அந்தப் பயம் இல்லை. கொத்தமல்லியை உள்ளங்கையில் கசக்கி மணந்து பாருங்கள். மணம் இல்லாவிட்டால் அது கறிக்கும் உதவாது. வேர்க்கொம்பில் ஊசித் துளை இருந்தால் வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம்.

பச்சை இலை வேறு கதை. மாரியில் வேலியெல்லாம் மருந்துதான், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தேடித் திரிய வேண்டும். வீட்டில் இடம் இருந்தால் துளசி, கற்பூரவள்ளி, ஆடாதோடை மூன்றையும் நட்டுவிடுங்கள். கற்பூரவள்ளி ஒரு உடைந்த வாளியிலும் வளரும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரநிலத்தில் வருபவை. வீதியோர வாய்க்காலில் செழிப்பாக நிற்கிறது என்று பிடுங்காதீர்கள். டவுனில் கோட்டைப் பக்கம் மான்கள் திரிகின்றன, மற்ற இடத்தில் மாடும் நாயும். விலங்கின் சலம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், பச்சையாகச் சம்பல் போடும் இலையில் பூச்சி முட்டையும் வரலாம். எங்கிருந்து எடுத்தாலும் ஓடுகிற தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள்.

இலையை அடையாளம் காண்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கீழ்க்காய்நெல்லி என்று சொல்லி அதே மாதிரிச் சிறு செடிகள் இரண்டு மூன்றைக் கலந்து கட்டுக் கட்டாக விற்பார்கள். இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள், காய்கள் அடியில் வரிசையாகத் தொங்க வேண்டும். சந்தேகம் என்றால் பிடுங்க வேண்டாம். கைத்தொலைபேசி செயலி காட்டும் பெயரை நம்பி எதையும் வாயில் வைக்க வேண்டாம். ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டையும் பெயர் சொல்லியே விலக்குகிறேன். அவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். அப்பப்பாவின் பெட்டியில் பெருமருந்து என்று அதுவும் இருந்தது. அவருக்கு அன்றைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அவிக்கும் முறை

பரியாரியார்கள் எட்டுக்கு ஒன்றாக வற்றவைப்பார்கள். எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்கு மிஞ்சும்வரை அவிப்பது. அது ஆளைப் பார்த்து, நாடி பார்த்துக் கொடுக்கும் மருந்து. வீட்டுக் கைமருந்துக்கு அந்தக் கடுமை தேவையில்லை.

இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியைச் சட்டியில் போட்டு மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுங்கள். பெருவிரல் நுனியளவு வேர்க்கொம்பைத் தட்டிப் போடுங்கள். வேர்க்கொம்பு இல்லாவிட்டால் பச்சை இஞ்சி. நாலு மிளகு. நாலு கோப்பைத் தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் இரண்டு கோப்பையாக வற்றவிடுங்கள். வடித்து, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பிள்ளைகளும் குடிக்கும். சீனி வருத்தக்காரர் பனங்கட்டியும் சீனிதான் என்பதை மறக்க வேண்டாம்.

சிங்கள ஊர்களில் பஸ்பங்குவ என்று ஐந்து சரக்கைச் சேர்த்துக் கட்டி விற்பார்கள். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள். இங்கேயும் கிடைக்கும். தடிமனோடு உடம்பு நோவும் சேர்ந்தால் இது நல்லது. மரமஞ்சளில் பெர்பெரின் என்ற பொருள் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது ஆகாது, பிறந்த பிள்ளையின் மஞ்சள் காமாலையை மோசமாக்கலாம். அவர்களுக்கு வெறும் கொத்தமல்லி. கைக்குழந்தைக்கு அதுவும் வேண்டாம், தாய்ப்பால் போதும்.

சட்டி மண்சட்டியாக அல்லது சில்வராக இருக்கட்டும். நெல்லி, கடுக்காய் மாதிரிப் புளிப்பும் துவர்ப்பும் உள்ளவற்றை அலுமினியத்தில் அவிக்காதீர்கள். அவித்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். இந்த வெக்கையில் மேசையில் கிடந்த நேற்றைய குடிநீரே புது வயிற்றோட்டத்துக்குக் காரணமாகும்.

வருத்தத்துக்கு வருத்தம்

தொண்டை நோவுக்கு முதல் மருந்து உப்புத் தண்ணீர். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு நாலு முறை கொப்பளியுங்கள். மஞ்சள் ஒரு சிட்டிகை போடலாம். இருமலுக்குக் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிந்த சாறும் தேனும் ஒரு தேக்கரண்டி. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் துளிகூடத் தொடக்கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் கை கால்களைச் செயலிழக்கச் செய்யும். ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது, கருப்பையைச் சுருங்கவைக்கும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய் இன்னும் இருக்கிறது.

வேது பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும். நொச்சி, வேப்பிலை, தேசி இலை போட்டுக் கொதிக்கவைத்து, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்துப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு வேது பிடிக்கவே வேண்டாம். சட்டி சரிந்து வெந்த பிள்ளைகளை வார்டில் பார்த்த பிறகு நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

வயிற்றோட்டத்தில் ஓட்டத்தை நிறுத்துவது முதல் வேலை அல்ல, போகிற தண்ணீரை ஈடுசெய்வதுதான் முதல் வேலை. கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக்கூடாது. பாமசியில் ஜீவனி பக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. இதோடு மாதுளம் தோல் அவித்த தண்ணீரோ, வறுத்த ஓமத் தண்ணீரோ குடிப்பதில் குற்றம் இல்லை. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், கண் குழிதல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை என்றால் போதும், கிளம்புங்கள்.

தோலில்தான் நம் மருந்துகளுக்கு உண்மையான பலம். சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். 1992 இல் இந்தியாவிலிருந்து வெளிவந்த ஒரு தொடக்க ஆய்வில் 814 பேருக்கு இந்தக் கலவையைப் பூசி, 97 சதவீதத்தினருக்கு 3 முதல் 15 நாளில் மாறியது என்று எழுதியிருக்கிறார்கள். அது முடிவான ஆய்வு அல்ல, ஆனாலும் நம்பிப் பார்க்கக்கூடியது. வேப்பிலை நாலு பங்கு, பச்சை மஞ்சள் ஒரு பங்கு என்று விழுதாக அரைத்து, கழுத்திலிருந்து கால்வரை பூசிக் காயவிட்டுக் குளியுங்கள். வீட்டில் சொறிகிறவருக்கு மட்டும் பூசினால் பலன் இல்லை. எல்லாரும் ஒரே நாளில் பூச வேண்டும், பாய் தலையணை உடுப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போட வேண்டும். ஒரு கிழமையில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பூச்சு மருந்து இருக்கிறது. படர்தாமரைக்குச் சீமை அகத்தி இலையைத் தேசிச்சாறு விடாமல் அரைத்துப் பூசலாம், தேசிச்சாறு தோலை வேகவைக்கும். பாமசியில் "எல்லாத்துக்கும் ஒரே கிறீம்" என்று தருவதைப் பூசி, இரண்டு நாளில் கடி (அரிப்பு) நின்று இரண்டு கிழமையில் உடம்பெல்லாம் படர்ந்த கதை எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதற்குள் ஸ்டீரொயிட் இருந்தது.

அம்மாள் வருத்தம் என்கிற கொப்பளிப்பானில் வாசலில் வேப்பிலை செருகுவது எனக்குப் பிடித்த வழக்கம். அதைப் பார்த்ததும் ஆட்கள் வருவதில்லை, தொற்றும் பரவுவதில்லை. வேப்பிலைத் தண்ணீரில் குளிக்கவார்ப்பதும் கடியைத் தணிக்கும். ஆனால் கொப்பளிப்பான் வளர்ந்தவருக்கோ கர்ப்பிணிக்கோ வந்தால் முதல் கொப்பளம் கண்ட நாளே டொக்டரிடம் போக வேண்டும். அதற்கென்று குளிசை இருக்கிறது, பிந்திப் போட்டால் பலன் குறையும். வேப்பெண்ணெயை எந்தப் பிள்ளைக்கும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். வலிப்பும் நினைவிழப்பும் வந்தவை மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பது உடம்பு நோவுக்கு இதமாக இருக்கும். புண் ஆறவில்லை என்றால் ஆறும்வரை போகாதீர்கள், பின்னால் குளிக்கிறவர்களையும் நினைக்க வேண்டும்.

சலக்கடுப்புக்குத் தேங்காய்ப்பூக்கீரை, நெருஞ்சில் அவித்துக் குடிப்பார்கள். வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் வந்த எரிச்சல் என்றால் அந்தக் குடிநீரில் உள்ள தண்ணீரே பாதி மருந்து. ஒரு நாள் பாருங்கள். அதற்கு மேலும் எரிந்தால், காய்ச்சல், குளிர், இடுப்பு நோ, சலத்தில் இரத்தம் வந்தால், அல்லது நீங்கள் கர்ப்பிணியாகவோ சீனி வருத்தக்காரராகவோ இருந்தால் காத்திருக்காமல் சலப் பரிசோதனை. பக்டீரியா சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். சிறுநீரகத்தில் ஏற்கனவே கோளாறு உள்ளவர்கள் இந்தக் குடிநீர்களையும், காமரங்காய்ச் சாற்றையும், பிலிம்பிக்காய்ச் சாற்றையும் தொடவே வேண்டாம்.

செங்கமாரிக்கு (மஞ்சள் காமாலைக்கு) கீழ்க்காய்நெல்லியைப் பாலில் அரைத்துக் குடித்து மாறியவர்கள் ஊரில் ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலானோருக்கு வந்தது தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றும் ஏ வகை ஈரல் அழற்சி. அது பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறும். புகழ் செடிக்குப் போய்விட்டது. ஆனால் கண் மஞ்சளாக எலிக்காய்ச்சலும் காரணமாகலாம். வயலில் இறங்கிய ஆள், காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு என்றால் செடி தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலுக்கு இறங்கும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் கைமருந்து இல்லை. நாய் கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள். கடலில் திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீரில் காலை வைத்திருப்பது எங்கள் திருக்கடலூர்க் கடற்றொழிலாளருக்கு நன்றாகத் தெரியும். அது வலியைத்தான் குறைக்கும், உள்ளே முறிந்த முள்ளையும் புண்ணையும் டொக்டர் பார்க்க வேண்டும்.

உடம்பைச் சுத்தம் செய்வது பற்றி

இந்தக் கேள்விதான் இப்போது கூடுதலாக வருகிறது. "உடம்பில உள்ள நச்செல்லாம் வெளியேற ஏதும் இருக்கா?" எந்த நச்சு என்று திருப்பிக் கேட்டால் பெயர் சொல்ல யாருக்கும் தெரிவதில்லை. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. ஈரல் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு தொழிற்சாலை. அவற்றுக்குத் தண்ணீரும் நித்திரையும் கிடைத்து, சாராயம் குறைந்தால் போதும், பக்கெட் பொடி தேவையில்லை.

எனக்கு இதைப் படிப்பித்தது என் வயிறுதான். நாற்பது வயதிருக்கும், ஒரு விளம்பரத்தைப் பார்த்து "குடல் சுத்தி" என்று ஒரு பொடி வாங்கினேன். பழைய வைத்தியத்தில் நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி எடுக்கச் சொல்லியிருக்கிறது அல்லவா, அப்பப்பாவுக்கும் மரியாதை செய்த மாதிரி ஆகட்டும் என்று பொடியோடு சிற்றாமணக்கெண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி விழுங்கினேன். விடியும்வரை பதினாலு முறை. கிணற்றடியில் கண் இருட்டி இருந்துவிட்டேன், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. என் மனைவி ஒட்டோவில் ஏற்றி, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள். கூட வேலை செய்த பிள்ளைகள் சேலைன் ஏற்றிக்கொண்டே சிரிப்பை அடக்கியதை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தப் பொடி பெரும்பாலும் நிலாவரை. பேதி மருந்தில் வெளியேறுவது நச்சல்ல, தண்ணீரும் உப்பும் பொட்டாசியமும். அடிக்கடி எடுத்தால் அது இல்லாமல் குடல் அசையாத நிலையும் வரும். அப்பப்பா பேதி கொடுத்தால் முதல் நாள் சாப்பாட்டைக் குறைத்து, அன்றைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடவிடாமல், மோரும் கஞ்சியும் கொடுத்துப் பக்கத்தில் இருப்பார். நான் மருந்தை மட்டும் எடுத்தேன், அவரை எடுக்கவில்லை.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? இலைக்கஞ்சி. கிழமைக்கு இரண்டு நாள் காலையில். அரைக் கோப்பைச் சிவப்புப் பச்சையரிசியை ஐந்து கோப்பைத் தண்ணீரில் மூன்று பல் உள்ளியோடு குழைய வேகவிடுங்கள். வல்லாரை, முடக்கொத்தான், முருங்கையிலை, பொன்னாங்காணி இவற்றில் கிடைத்ததை ஒரு கைப்பிடி, கொஞ்சத் தேங்காய்ப்பூவோடு அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கூடக் கொதித்தால் நிறமும் மணமும் போய்விடும். உப்பு அளவாக, பனங்கட்டி ஒரு துண்டு தொட்டுக்கொள்ள. மலச்சிக்கலுக்கு இதுவும் பழுத்த பப்பாசியும் கேட்காவிட்டால் மட்டும், இரவில் ஒரு தேக்கரண்டி திரிபலா சில நாளைக்கு.

விரதமும் உடம்புக்கு ஓய்வுதான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்களும், கிண்ணியா மூதூரில் நோன்பு பிடிப்பவர்களும் ஒரே இடத்தில் பிழைவிடுகிறார்கள்: முடிக்கிற நேரம். வெறுவயிற்றில் பொரியலும் இறைச்சியும் கொட்டாமல், நோன்புக்கஞ்சியோ இளநீரோ முதலில் போகட்டும். சீனி வருத்தத்துக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் ஒரு நாளும் பட்டினி இருக்க வேண்டாம்.

வயிற்றுப் பூச்சிக்கு வேப்பங்கொழுந்து தின்னவைப்பதைவிடப் பாடசாலையில் தரும் பூச்சிக் குளிசை நிச்சயமானது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

யாரிடம் போவது, என்ன சொல்வது

1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த, யுனானி, ஆயுர்வேத வைத்தியர்கள் பதிவு செய்யப்படுகிறார்கள். பதிவு இலக்கம் கேட்பதில் வெட்கம் இல்லை. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள், ஆகவே படித்த சித்த வைத்தியர்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. பஸ்பம், செந்தூரம் போன்ற, உலோகம் சேரும் மருந்துகளைப் பதிவுபெற்ற வைத்தியரின் கையிலிருந்து தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். பாதரசமும் ஈயமும் விளையாட்டில்லை. பெயர் இல்லாத பொடி ஒன்று முழங்கால் நோவை ஒரே இரவில் போக்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்தது. அந்த நெரிசலிலேயே நோய் பரவியிருக்கும். "எல்லாரும் வாங்குகிறார்கள்" என்பது ஒரு மருந்துக்குச் சான்றாகாது.

ஆஸ்பத்திரியில் என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் கைமருந்தையும் சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று மறைப்பார்கள், நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க வோர்ஃபரின் எடுப்பவருக்கு உள்ளி மாத்திரை இரத்தக் கசிவைக் கூட்டும், தினமும் இலைக்கஞ்சி குடித்தால் குளிசையின் பலம் குறையும். அதிமதுரம் பிரஷரைக் கூட்டும். சத்திரசிகிச்சை இருக்கிறது என்றால் இரண்டு கிழமைக்கு முன்பே எல்லாக் குடிநீரையும் நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்லுங்கள்.

சொல்ல மறந்துபோகும் என்பதால் எங்கள் டின்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொப்பியும் கிடக்கிறது. திகதி, நேரம், காய்ச்சல், என்ன குடித்தது, எத்தனை முறை சலம் போனது. போன மாரியில் பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது எழுதியது: "வெள்ளி இரவு 8 மணி, 101.4, பனடோல் பாணி. சனி காலை 6 மணி, 102, கொத்தமல்லி கொடுக்கவில்லை, ஜீவனி. ஞாயிறு காலை இரத்தம் கொடுத்தது." டொக்டர் பிள்ளை அந்தக் கொப்பியைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தா.